‘பைனல் கஸ்ரைன்’ நாவலில் மணநாளுக்கு முந்தைய வாரங்கள்

நஜீப் மஹ்ஃபூழின் ‘பைனல் கஸ்ரைன்’ 1956இல் நூலுருப் பெற்றது. 1952ஆம் ஆண்டுப் புரட்சிக்குச் சற்று முன்னரே எழுதி முடிக்கப்பட்ட பெரும் படைப்பொன்றின் முதற் பகுதி அது. ‘கஸ்ருஷ் ஷவ்க்’, ‘அஸ்ஸுக்கரிய்யா’ ஆகிய ஏனைய இரு பகுதிகளும் அதனைத் தொடர்ந்து 1957இல் வெளிவந்தன. நவீன அரபு நாவல் பற்றி எவர் பேசினும் இம்மூன்றையும் தவிர்த்துவிட்டுப் பேச இயலாது. மஹ்ஃபூழின் 1959ஆம் ஆண்டு நாவல் எழுப்பிய சர்ச்சை காரணமாக அவரது எழுத்து முழுவதையும் ஐயத்தோடு நோக்கும் வாசகர் எம்மிடையே உள்ளனர். அச்சர்ச்சையின் நியாய அநியாயங்கள் இக்கட்டுரையின் பொருளன்று. முஸ்லிம் குடும்பமொன்றின் அகவாழ்வை இந்த அளவுக்கு நெருங்கிச் சென்று பார்த்த நாவல்கள் மிகச் சிலவே என்பதனால், அந்நாவலை அதன் அளவிலேயே வைத்து நோக்குவது பயனுடையதாகும்.

இந்நாவல் பற்றிய விமர்சனங்களிற் பெரும்பாலானவை இரு விடயங்களைச் சுற்றியே அமைந்துள்ளன. ஒன்று, நாவலின் பிற்பகுதியை நிறைத்து நிற்கும் 1919ஆம் ஆண்டின் எகிப்தியப் புரட்சி. மற்றையது, வீட்டில் எவரும் நிமிர்ந்து பார்க்க அஞ்சும் கண்டிப்பும், இரவில் நண்பர் குழாமில் பாட்டும் மதுவும் கேளிக்கையுமாக இரட்டை வாழ்வு வாழும் குடும்பத் தலைவர் அஸ்ஸெய்யித் அஹ்மத் அப்துல் ஜவாத். 1964இல் ஹஸன் அல்இமாம் இந்நாவலைத் திரைப்படமாக்கினார். மனைவி மக்களை அடக்கியாளும் ஆணைக் குறிக்க ‘ஸீ ஸெய்யித்’ என்பது எகிப்தியப் பேச்சுவழக்கில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இவ்விரு வாசிப்புகளையும் தவறெனக் கூறுவதற்கில்லை. எனினும் இவற்றின் வெளிச்சத்தில் நாவலின் நுட்பமான பகுதியொன்று மறைந்து போகின்றது. இளைய மகள் ஆயிஷாவுக்கு வரன் பேசப்பட்டது முதல் அவள் புகுந்த வீடு செல்லும் வரையிலான நாட்களும், பின்னர் மூத்தவள் கதீஜாவுக்கு அவ்வாறே வந்து சேரும் நாட்களுமே அப்பகுதி. பெரிய நிகழ்ச்சிகள் எவையும் அங்கில்லை. சமையலும் தையலும் கூட்டிப் பெருக்கலும் நடக்கின்றன. அவற்றினிடையே ஒரே வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மகிழ்ச்சியையும் துயரையும் ஒரே நேரத்தில் சுமந்து திரிகின்றனர். மஹ்ஃபூழின் கலை அதன் முழு ஆற்றலோடு வெளிப்படுவது இப்பகுதியில்தான் என்பதும், ஒரு பெண்ணின் மௌனத்தை எவ்வாறு வாசிப்பது என்ற எமது பழைய வினாவொன்றுக்கு இப்பகுதி எம்மை மீண்டும் இட்டுச் செல்கின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

வீடும் அதன் ஒழுங்கும்

நாவல் 1917ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் தொடங்குகின்றது. பழைய கெய்ரோவில் பைனல் கஸ்ரைன் தெருவிலுள்ள வீடு. நள்ளிரவில் விழித்தெழுந்து கணவனின் வருகைக்காகக் காத்திருக்கும் ஆமினா, மஷ்ரபிய்யாவின் மரச் சாளரத் துவாரங்களினூடாகவே வெளியுலகைக் காண்பவள். விடியலில் அடுப்பறையில் மாவு பிசையும் ஓசையுடன் நாள் பிறக்கின்றது. தந்தையும் மூன்று ஆண்மக்களும் முதலில் உணவருந்துவர். அவர்கள் எழுந்த பின்னரே தாயும் இரு பெண்மக்களும் அமர்வர். பின்னர் ஆண்கள் வெளியே செல்ல, தாய் அடுப்பறையையும் மாடித் தோட்டத்தையும் அங்குள்ள கோழி, புறாக்களையும் கவனிப்பாள். சுத்தம் செய்தலும் தையலும் சகோதரிகள் இருவரிடமும் விடப்படும். அவர்களது நாளாந்தச் சச்சரவும் அங்கேயே ஆரம்பிக்கும்.

கதீஜாவுக்கு வயது இருபது. தாயைப் போன்று தொழுகையிற் பேணுதல் மிக்கவள். வீட்டு வேலையில் நிகரற்றவள். தந்தையின் பெரிய மூக்கைச் சுவீகரித்துக் கொண்டவள். அயலவர் ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயர் சூட்டும் கூரிய நாவும் அவளுக்குண்டு. ஆயிஷாவுக்குப் பதினாறு. பொன்னிறக் கூந்தலும் நீல விழிகளும் இனிய குரலும் கொண்டவள். எகிப்தில் பெண்ணின் திருமண வயது பதினாறு எனச் சட்டம் எல்லையிட்டது 1923இலாகும். நாவல் நிகழும் காலத்தில் அத்தகைய சட்டம் இருக்கவில்லை. எனவே ஆயிஷாவின் வயது அவ்வீட்டில் எவருக்கும் கேள்வியாகத் தோன்றவில்லை. கேள்வியாகத் தோன்றியது அவள் இளையவள் என்பது மட்டுமே.

ஒரு விதியும் அதன் இரு பயன்களும்

முதற் பெண்கேட்பு ஒரு பொலிஸ் அதிகாரியிடமிருந்து, இரண்டாம் மகன் ஃபஹ்மீயின் வழியாக வருகின்றது. யன்னல் திரைக்குப் பின்னிருந்து ஆயிஷா இரகசியமாகப் பார்த்திருந்த அதே அதிகாரி அவர். தந்தை மறுத்துவிடுகின்றார். மூத்தவள் இருக்க இளையவளை மணமுடித்துக் கொடுப்பதில்லை என்பது ஒரு காரணம். வெளி ஆடவர் எவர் கண்ணிலும் படாத தன் மகளை அம்மனிதர் எவ்வாறு அறிந்தார் என்ற சீற்றம் மற்றொரு காரணம். ஆயிஷா தன் ஏமாற்றத்தை வெளிக்காட்டவில்லை. அவ்வீட்டில் ஒரு பெண் திருமணத்தை விரும்புவதாகக் காட்டிக்கொள்வதே வெட்கக்கேடானது. தன் பொருட்டுத் தங்கையின் வாய்ப்புத் தடைப்பட்டதை எண்ணிக் கதீஜா குறுகிப் போகின்றாள். அதே வேளை, தன்னைக் கடந்து தங்கை சென்றுவிடவில்லை என்ற ஆறுதலும் அவளுக்குள் எழாமலில்லை. அவ்வாறுதலை எண்ணி அவள் வெட்கமும் அடைகின்றாள்.

பின்னர் நிகழ்வது யாவரும் அறிந்த பகுதி. கணவர் போர்ட் ஸயீதுக்குச் சென்றிருந்த வேளையில், பிள்ளைகளின் தூண்டுதலால் ஆமினா ஹுஸைன் பள்ளிவாசலைத் தரிசிக்கச் செல்கின்றாள். திரும்பும் வழியில் வாகனம் மோதிக் காறை எலும்பு முறிகின்றது. காயம் ஆறும் வரை பொறுத்திருந்த கணவர், ஆறியதும் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார். இந்நிலையிலேயே ஷவ்கத் குடும்பத்தின் முதிய விதவை, தன் இளைய மகன் கலீலுக்கு ஆயிஷாவைக் கேட்டு வருகின்றார். ஆமினாவை அழைத்துக்கொள்ளுமாறும் அவரே பரிந்துரைக்கின்றார். பழைய நட்புக்குரிய அக்குடும்பத்தின் கோரிக்கையை அஹ்மத் அப்துல் ஜவாதினால் தட்ட முடியவில்லை. மூத்தவள் என்ற தடை இம்முறை தடையாக நிற்கவில்லை.

வாசகர் இங்கு சற்று நிதானித்தல் வேண்டும். அதிகாரி கேட்டபோது அசைக்க முடியாத விதியாக இருந்த ஒன்று, ஷவ்கத் வீட்டார் கேட்டபோது இளகிவிட்டது. மூத்தவளே முதலில் என்பது ஷரீஆவின் விதியன்று. அது பல சமூகங்களிலும் காணப்படும் வழமை மாத்திரமே. லாபான் தன் மூத்த மகளை முதலில் கொடுத்த கதை யூதர்களின் வேதத்திலேயே வருகின்றது. அவ்வழமையையும் அஹ்மத் அப்துல் ஜவாத் வழமை என்ற மதிப்பில் பின்பற்றவில்லை. தன் விருப்பத்துக்கு ஒரு கௌரவமான பெயராகவே அதனைப் பயன்படுத்தினார். முதல் மறுப்பிலும் ஆயிஷாவிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. இரண்டாம் சம்மதத்திலும் கேட்கவில்லை. மறுக்கப்பட்ட போது அவள் மௌனமாக இருந்தாள். ஏற்கப்பட்ட போதும் மௌனமாகவே இருந்தாள். இவ்விரு மௌனங்களையும் நாவல் அருகருகே வைத்துக் காட்டுகின்றது. அவற்றிடையேயான வேறுபாட்டை அறிந்துகொள்ளும் அக்கறை அத்தந்தைக்கு இருக்கவில்லை.

ஆயத்த நாட்களின் உணர்வுகள்

இதன் பின் வரும் வாரங்களில் மஹ்ஃபூழ் ஒவ்வொருவரது உள்ளத்துக்குள்ளும் இரு உணர்வுகளை வைத்துவிடுகின்றார். தாய் வீடு திரும்புகின்றாள். ஆனால் திரும்பி வந்த அதே வேளையிலேயே இளையவள் போகப் போகின்றாள் என்ற செய்தியும், மூத்தவள் நிற்கின்றாளே என்ற கவலையும் அவளை வந்தடைகின்றன. பிரிந்திருந்த குடும்பம் ஒன்றுசேர்ந்த மகிழ்ச்சியை முழுமையாக அனுபவிக்க அவளுக்கு ஒரு நாள் கூடக் கிடைக்கவில்லை. ஆயிஷாவோ தான் கண்ட மனிதருக்குப் பதிலாகத் தான் காணாத ஒருவரின் பெயரைத் தன் உள்ளத்தில் ஏற்றுக்கொள்கின்றாள். இது அவளது இலேசான மனத்தின் அடையாளம் எனச் சிலர் கொள்ளக்கூடும். விருப்பத்தைப் பேச இடமில்லாத வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு, கிடைத்ததையே விரும்பக் கற்றுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை எனக் கொள்வதே பொருத்தமானதாகும்.

கதீஜாவின் நிலை இவை யாவற்றிலும் கடினமானது. தங்கையை வாழ்த்தவும் வேண்டும். பரிதாபத்துக்கு ஆளாகாமல் தன்னைக் காத்துக்கொள்ளவும் வேண்டும். மஹரின் முற்பகுதியோடு பெண்வீட்டாரும் செலவிட்டுத் துணிமணிகளையும் தளபாடங்களையும் ஆயத்தம் செய்வது எகிப்திய நடுத்தர வர்க்கத்தின் வழமை. ‘ஜிஹாஸ்’ எனப்படும் இவ்வாயத்தத்தில் வீட்டுப் பெண்களின் கைகள் யாவும் ஈடுபடும். தன்னைத் தாண்டிச் செல்லும் தங்கைக்காக உழைக்கும் அந்நாட்களில் கதீஜாவிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம் அவளது பரிகாசம். மாலை நேரக் கஹ்வா அமர்வில், தந்தை இல்லாத அந்தச் சுதந்திர வேளையில், அவள் எல்லோரையும் கேலி செய்கின்றாள். தன் மூக்கைத் தானே கேலி செய்து பிறர் சொல்லக்கூடியதை முந்திக்கொள்கின்றாள். எல்லோரும் சிரிக்கின்றனர். அச்சிரிப்பின் அடியில் உள்ளதைத் தாய் மட்டும் அறிவாள். அறிந்தும் அவளால் செய்யக்கூடியது ஏதுமில்லை. தாயின் தேறுதல் மொழிகள் புண்ணை மேலும் கிளறவே செய்கின்றன. அவற்றைக் கேட்பதற்கே கதீஜா ‘ஆறுதல் தேவைப்படுபவள்’ என்ற இடத்தில் சென்று அமர வேண்டியிருக்கின்றது.

கடைக்குட்டி கமால் மட்டுமே தன் மறுப்பை வாய்விட்டுச் சொல்பவன். ஆயிஷா ஏன் போக வேண்டும், இந்த வீட்டிலேயே இருந்தால் என்ன என்பது அவனது வாதம். பெரியவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் அவ்வீட்டில் எல்லோரது நெஞ்சிலும் இருந்ததைச் சொன்னவன் அவன் ஒருவனே. எதைச் சொல்லலாகாது என்ற பாடத்தை அவன் இன்னும் முழுமையாகக் கற்றிருக்கவில்லை.

மணநாள் இரவில், ஸுக்கரிய்யாவிலுள்ள ஷவ்கத் வீட்டில், பாடகி ஜலீலாவின் கட்டற்ற பேச்சினால் தந்தையின் மறைவாழ்வு பெண்கள் கூடத்திலேயே அம்பலமாகின்றது. பல வாரங்களாக ஒரு குடும்பமே எவருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டுத் தம் உணர்வுகளை விழுங்கியிருந்ததோ, அவரது யோக்கியதை இவ்வாறு வெளிப்படுகின்றது. இக்காட்சியை நகைச்சுவையாகவே பலரும் வாசிக்கின்றனர். ஆயத்த நாட்களைக் கவனமாக வாசித்து வந்தவருக்கு அது சிரிப்பை விடக் கசப்பையே கூடுதலாகத் தரும்.

தந்தையின் ஒரு வாக்கியம்

கலீலின் மூத்த சகோதரர் இப்ராஹீம் மனைவியை இழந்தவர். வயதில் கதீஜாவை விட வெகு மூத்தவர். அவரது குடும்பம் கதீஜாவைக் கேட்டு வருகின்றது. நீண்ட நாள் காத்திருந்த ஒன்று வந்தடையும் போது கதீஜாவிடம் எழுவது தூய மகிழ்ச்சியன்று. நம்பிக்கையின்மையும் அச்சமும் வீட்டைப் பிரியும் துயரமும் அதனுடன் கலந்தே வருகின்றன. பிறந்த வீட்டில் தன்னை விடச் சிறப்பாக எவரும் செய்ய முடியாத வேலைகளால் தன் இடத்தை நிலைநாட்டிக்கொண்டவள் அவள். அவ்விடத்தை விட்டு எழ வேண்டும் என்பதை மணம் நெருங்கிய பின்னரே உணர்கின்றாள்.

விடைபெறும் வேளையில் தந்தை அவளுக்குப் பிரார்த்தித்து, எல்லா விடயங்களிலும் தாயையே பின்பற்றுமாறு உபதேசிக்கின்றார். வாழ்நாளில் அவர் வாயிலிருந்து வராத மென்மை அது. கதீஜா வியப்பில் ஆழ்ந்துபோகின்றாள். ஆயினும் பள்ளிவாசலுக்குச் சென்று வந்த ஒரே ‘குற்றத்துக்காக’ வீட்டை விட்டு அனுப்பப்பட்டவள் அதே தாய். அவளது பெருமையை அவர் அறிந்தே இருந்தார். அவளிடம் அதனைச் சொல்லவில்லை. ஆமினா பல ஆண்டுகள் காத்திருந்த சொல், மகளுக்கான உபதேசமாகவே அவளை வந்தடைகின்றது. மஹ்ஃபூழ் இங்கு எந்த விளக்கமும் தரவில்லை. மற்ற இடங்களில் பாத்திரங்களின் உள்ளத்தை அளவுக்கு மீறி விளக்கிச் செல்லும் அவர், இவ்விடத்தில் வாக்கியத்தை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அவரது கலைக்கு வலிமை சேர்க்கின்றது.

குறைகள்

நாவலின் குறைகளையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஆயிஷா பெரும்பாலும் பிறர் கண்ணினூடாகவே காட்டப்படுகின்றாள். கமாலின் அன்பு, கதீஜாவின் பொறாமை, தாயின் பரிவு ஆகியவற்றின் இலக்காக இருப்பவளுக்குத் தனக்கென ஓர் ஆழம் முதல் நாவலில் வழங்கப்படவில்லை. பின்னிரு நாவல்களில் கணவனையும் ஆண்மக்களையும் ஈற்றில் மகளையும் இழந்து அவள் சிதையும்போது மட்டுமே நாம் அவளை நேராகச் சந்திக்கின்றோம். கதீஜாவின் மூக்கு பற்றிய நகைப்பில் சில இடங்களில் கதாசிரியரும் வரம்பு கடந்து கலந்துகொள்கின்றார். மணத்துக்கு முன் தாயும் மகளும் தனித்திருந்து பேசக்கூடியவற்றுள், உடல் பற்றியதும் அச்சம் பற்றியதுமான பேச்சுக்கு நாவலில் இடமில்லை. அவ்வறையின் கதவு ஆணொருவருக்குத் திறக்கவில்லை எனலாம். தமிழில் ஸல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) வஹிதாவின் திருமணத்தைச் சொல்லும்போது, அதே கதவின் உட்புறத்தில் நின்றே பேசுகின்றது. இவ்விரு நாவல்களையும் ஒருங்கே வாசிப்பவருக்கு, ஒன்றில் இல்லாதது மற்றதில் கிடைக்கும்.

மௌனத்தை வாசித்தல்

கன்னிப் பெண்ணின் சம்மதம் கேட்கப்பட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது, அவள் வெட்கப்படுவாளே என வினவியவர் ஆயிஷா (ரழி) அவர்கள். அவளது மௌனமே அவளது சம்மதம் என்பது அதற்குக் கிடைத்த விடை. இந்த ஹதீஸ் எமது சமூகங்களில் பெரும்பாலும் பாதியாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. கேட்கப்பட்ட பின்னர் வரும் மௌனமே சம்மதமாகும். கேட்கப்படாத ஒருத்தியின் மௌனம் எதற்கும் விடையாகாது. கன்னியல்லாத நிலையில் விருப்பமின்றித் தந்தையால் மணமுடித்து வைக்கப்பட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரழி) அவர்களின் திருமணத்தை நபியவர்கள் செல்லுபடியற்றதாக்கியமை புகாரியில் பதிவாகியுள்ளது.

ஃபுகஹாக்கள் இவ்விடயத்தை எத்துணை நுணுக்கமாக நோக்கினர் என்பதும் கவனத்துக்குரியது. வயது வந்த பெண்ணை வலீ கட்டாயப்படுத்த முடியாது என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலைப்பாடு. ஷாஃபிஈ மத்ஹப் கன்னிப் பெண்ணின் தந்தைக்கு நிபந்தனைகளோடு கூடிய அதிகாரத்தை வழங்கினாலும் அவளது கருத்தைக் கேட்பதை விரும்பத்தக்கதாகக் கொள்கின்றது. ஹனஃபீ நூல்களில் சிரிப்பும் அழுகையும் கூட ஆராயப்படுகின்றன. சிரிப்பு சம்மதமாகும், பரிகாசச் சிரிப்பு சம்மதமாகாது. சப்தமற்ற கண்ணீர் பிறந்த வீட்டைப் பிரியும் துயராக இருக்கலாம். ஓலமிட்டு அழுதால் அது மறுப்பாகும். ஒரு பெண்ணின் முகத்தை உற்றுநோக்கி அறிந்துகொள்ளும் கடமை வலீக்கு உண்டு என்ற எண்ணத்திலிருந்தே இத்தகைய வேறுபாடுகள் பிறந்திருக்க முடியும். அஹ்மத் அப்துல் ஜவாத் தன்னிடமிருந்த அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்தினார். அவ்வதிகாரத்துடன் இணைந்திருந்த உற்றுநோக்கும் கடமையை அவர் நிறைவேற்றவேயில்லை. அவர் செய்யத் தவறிய வாசிப்பையே நாவலாசிரியர் செய்து காட்டுகின்றார்.

இது கெய்ரோவுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், மணமகளின் கையொப்பத்தைக் கட்டாயமாக்காத முறையிலேயே வரையப்பட்டது. அச்சட்டத்தை மீளாய்வு செய்ய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல் அறிக்கை கையளித்தது. அதனையொட்டி எழுந்த விவாதங்களில் மணமகளின் கையொப்பம் முக்கிய இடம் வகித்தது. கையொப்பம் தேவையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஆயினும் கையொப்பமும் ஒரு வகையில் மௌனத்தைப் போன்றதே. அது எந்த நிலையில் பெறப்பட்டது என்பதை அறிய, முந்தைய வாரங்களில் அவ்வீட்டில் யார் யாரிடம் என்ன கேட்டார்கள் என்பதை அறிந்தாக வேண்டும். சட்டம் அங்கு புக முடியாது. இலக்கியம் புக முடியும்.

மஹ்ஃபூழ் அக்குடும்பத்துக்குச் சூட்டிய பெயர்கள் ஆமினா, கதீஜா, ஆயிஷா. கெய்ரோவில் எந்தத் தெருவிலும் கேட்கக்கூடிய சாதாரணப் பெயர்கள் இவை. ஆசிரியர் திட்டமிட்டே சூட்டினார் என வற்புறுத்த வேண்டியதில்லை. எனினும் முஸ்லிம் வாசகர் ஒருவரின் செவியில் அவை வெறும் பெயர்களாக ஒலிப்பதில்லை. கதீஜா (ரழி) அவர்கள் தம் விருப்பத்தை நஃபீஸா என்ற தோழியின் மூலம் தாமே முன்வந்து தெரிவித்தவர்கள். ஆயிஷா (ரழி) அவர்கள் மௌனம் பற்றிய கேள்வியைத் துணிந்து கேட்டவர்கள். அப்பெயர்களைத் தாங்கிய இரு பெண்கள் தம் விருப்பத்தைச் சொல்லவும் கேட்கவும் இடமின்றி, தையலிலும் பரிகாசத்திலும் தம் நாட்களைக் கழிக்கின்றனர். எமது வீடுகளிலும் இவ்வாறான வாரங்கள் வந்து போகின்றன. அழைப்பிதழும் ஆடையும் விருந்தும் பற்றிய பேச்சுகளுக்கிடையே, மணமகளிடம் மட்டுமன்றி அவளருகில் அமர்ந்து தைத்துக்கொண்டிருக்கும் மூத்தவளிடமும் ஒரு வார்த்தை கேட்பதற்கு இந்நாவல் ஒரு வாசகரையேனும் தூண்டுமாயின், அது எழுதப்பட்டதன் பயன் பெரிதாகும்.